அரைமணிக்கொருமுறை

நான்காம் மாடியில் தண்ணீர் இல்லை.
குடிக்க இருக்கிறது, கூரைக் குழாயில்தான் இல்லை.
வால்வை மூடிச் சங்கிலி போட்டு
சிவப்பு அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள்.
மூடியவர் யார், எதற்கு, எப்போது திறப்பது.
திறக்கும்வரை
அந்தத் தண்ணீருக்குப் பதில் நான்.

வெர்னா கிவேலா. என் அட்டையில் பெயருக்குக் கீழே
'தற்காலிகம்' என்று அச்சிட்டிருக்கிறது.
வேலையைச் சொல்கிறதா என்னைச் சொல்கிறதா,
கேட்கவில்லை.

ஒட்டுப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
வயர்கள் குடல்போலத் தொங்குகின்றன;
மரத்தூள், பெயிண்ட் டப்பா, யாரோ மறந்த கையுறை.
இந்தப் பக்கம் பதினெட்டுப் பேர் தூங்குகிறார்கள்.
எழுந்து ஓடக்கூடியவர் ஒருவரும் இல்லை.
நடுவே ஜிப் வைத்த பிளாஸ்டிக் கதவு
உப்பி அடங்கி, உப்பி அடங்கி.

மாலையில் டெல்மர் ஹௌகன் குழாய் பற்றவைத்தான்.
கடைசிப் பொறி எட்டு ஐந்துக்கு என்று
சீட்டில் கையெழுத்திட்டான்.
அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்
அந்தச் சுவர்முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து
உள்ளங்கை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"போய்க் காபி குடி வெர்னா" என்றான்.
அவன் பொய் சொல்லமாட்டான். பொறி சொல்லும்.

வார்டில் அந்தச் சொல் வரக்கூடாது.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாதுதான்;
ஆனால் ஏழாம் படுக்கையில் மிஸ்டர் ஸ்க்ராபா,
இரும்புத்தாதுக் கப்பலில் எஞ்சின் அறைக்காரர்,
கேட்டால் ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுவார்.
அதனால் வானிலை என்கிறோம்.
"வானிலை எப்படி?" என்பாள் நர்ஸ் ஒடெட்.
"தெளிவு" என்பேன்.

பழைய வெளிவழியை அடைத்தாயிற்று.
அதன் பச்சை விளக்கில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டினோம்,
ஓரத்தில் கசிகிறது, மறுபடி ஒட்டுகிறேன்.
பதறினால் மனிதர் பழகிய விளக்கைத்தான் தேடுவார்.

புது வழி தெற்குப் படிக்கட்டு.
அடிக்கதவு வெளிப்பக்கம் திறக்கும்.
வெளியே துலூத். ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
சுப்பீரியர் ஏரிக்காற்று
அரைமணியில் கதவெதிரே ஒரு சாண் பனி குவிக்கும்.
தீக்குக் காவல் வைத்த பெண்
இரவெல்லாம் பனி வாருகிறாள்.
என் சம்பளச் சீட்டில் இதற்கு ஒரு வரி இல்லை.

கதவருகே அலமாரியில் நாற்பது கம்பளி,
தப்பியவர்கள் குளிரில் சாகாதிருக்க.
எண்ணினேன், முப்பத்தொன்பது.
நாற்பதாவது டெல்மரின் லாரி எஞ்சின்மேல்
சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.
நான் திட்டியது மூன்றாம் மாடிக்குக் கேட்டதாம்.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
கடைசி நிறுத்தம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து
பின்சீட்வரை நடந்து பார்க்கவேண்டும்,
தூங்கிப்போன குழந்தை உண்டா என்று.
அத்தனை வருஷத்தில் இரண்டுமுறை இருந்தது.
இரண்டு முகமும் ஞாபகம் இருக்கிறது,
பெயர் இல்லை.

மூன்றரைக்குக் கருகல் வாசனை.
நெருப்பில்லாமல் புகையாதே.
வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பு
தொண்டைக்கு ஏற, சிலிண்டரைத் தூக்கி ஓடினேன்.
மருந்தறை. துணியறை. சுவர் சில்லென்றிருந்தது.
சமையல்மூலையில் ஓர் இளம் டாக்டர்
கறுத்த ரொட்டியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டு
"மன்னிக்கணும்" என்றார். முழங்கால் நடுங்கியது, எனக்கு.
நோட்டில் எழுதினேன்: 3.40. ரொட்டி.

பத்தொன்பதாம் நாள் காலை வால்வைத் திறந்தார்கள்.
குழாய்கள் இருமின, நீளமாக, ஒவ்வொரு அறையாக.
மிஸ்டர் ஸ்க்ராபா கண் திறந்தார்.
"கப்பலில் தண்ணீர் ஏற்றுகிறார்களா?"
"ஆமாம்."
"நல்லது. உன் வானிலை என்னவென்று
முதல் ராத்திரியே எனக்குத் தெரியும், பெண்ணே.
நீ நடந்தாய். நான் தூங்கினேன்."

கையெழுத்திட்டு அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.
வண்டிக்குப் போகிற வழி தெற்குக் கதவுதான்.
அரை சாண் பனி.
மண்வெட்டி இன்னும் அங்கேயே சாய்ந்திருந்தது.